படத்தில் அம்மா எங்கே? சின்னக் குழந்தைகளின் தாய்மார்கள் கேட்கும் கேள்விகள்

சிறிய ஊர் ஒன்றில் போட்டோ ஸ்டூடியோ நடத்தும் குடும்பம் எங்களுடையது. குழந்தைப் படம், காதுகுத்து, முதல் பிறந்தநாள், பாஸ்போர்ட் சைஸ், அப்புறம் இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவது எல்லாம் செய்கிறோம். குழந்தையைத் தூக்கி வரும் பெண்களிடம் “நீங்களும் உட்காருங்கள்” என்று சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும், பின்னால் ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில, கணவர்களும் பாட்டிகளும் கேட்டவை.

என் போனில் குழந்தையின் படம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதில் நான் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உங்களுக்கு ஒன்றும் குறையாது என்றே வைத்துக்கொள்வோம். குறைவது பிள்ளைக்கு.

பெரும்பாலானவர்களுக்குப் பெரியவர்களான பிறகு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்த எதுவும் ஞாபகத்தில் இருப்பதில்லை. உளவியலில் இதைக் குழந்தைப் பருவ மறதி என்கிறார்கள். நீங்கள் உடம்பை உருக்கி உழைக்கும் காலமும் சரியாக அதேதான். கால் நீட்டி மடியில் போட்டுக் குளிப்பாட்டியது, தூளி ஆட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது என்று எதுவும் அந்தப் பிள்ளையின் நினைவில் தங்காது. பிற்காலத்தில் அந்த வருடங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதும் படத்தில் பார்த்ததும்தான்.

ஆல்பத்தைப் புரட்டும் குழந்தைகளைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தன்னைத் தேடும். அடுத்து “அம்மா எங்க?” என்று கேட்கும். “நான்தான்டா எடுத்தேன்” என்ற பதில் நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரிவதில்லை. அதன் கண்ணுக்கு, தாத்தா இருந்தார், சித்தி இருந்தாள், பக்கத்து வீட்டு அண்ணன்கூட இருந்தான், அம்மா மட்டும் அன்றைக்கு வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு உடம்பு போட்டுவிட்டது, முடியெல்லாம் கொட்டிவிட்டது. கொஞ்சம் தேறிய பிறகு எடுத்துக்கொள்ளக் கூடாதா?

எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது பல பெண்களுக்கு நடப்பது. கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி, ஹார்மோன் இறங்கியதும் ஒன்றாக உதிர்கிறது. ஒரு வயது பிறந்தநாள் வருவதற்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். முகத்தில் வரும் கருமைத் திட்டுகளும் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். உடம்பு குறைய வருடங்கள் ஆகலாம், குறையாமலும் போகலாம். இதில் எதற்காகவும் குழந்தை காத்திருக்காது. குப்புற விழுந்த குழந்தை சில மாதத்தில் தவழும், அதற்கடுத்து எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் “தேறி” வரும்போது, தூக்கி வைத்துக்கொள்ளும் வயதை அது தாண்டியிருக்கும்.

உங்கள் அம்மாவின் பழைய படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் கண் எங்கே போகிறது? அவர் அன்றைக்குக் கட்டியிருந்த சேலை, கையில் எத்தனை வளையல், உங்களை எப்படிப் பிடித்திருக்கிறார், எவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்திருக்கிறார் என்றுதானே பார்க்கிறீர்கள்? இடுப்பின் சுற்றளவை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அதே அம்மா அந்தப் படம் வந்த நாளில் “ஐயோ, எப்படி ஊதிப்போயிருக்கிறேன்” என்று சொல்லியிருப்பார்.

இன்றைக்கு உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த உடம்பு இப்போது இருப்பதுதான். அது சாய்ந்து தூங்குவது அதன்மேல்தான். நைட்டியும் துண்டும் கலைந்த தலையுமாக இருந்தால் அப்படியே எடுங்கள். பிடிக்காவிட்டால் இப்போதைக்கு யாருக்கும் காட்ட வேண்டாம். ஆனால் அழித்துவிடாதீர்கள். ஸ்டூடியோவில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

அந்தக் காலத்திலும் அம்மாக்கள் படத்தில் இல்லாமல்தானே இருந்தார்கள்?

இருந்தார்கள், வேறு காரணங்களுக்காக.

1839இல் பாரிஸில் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஆனது. பிறகு வந்த முறைகளில் அது விநாடிகளாகக் குறைந்தாலும் கைக்குழந்தை அவ்வளவு நேரம் அசையாமல் இருக்குமா? அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர்மேல் ஒரு துணியையோ திரைச்சீலையையோ போர்த்திவிட்டு, மடியில் குழந்தையை வைத்து எடுத்திருக்கிறார்கள். வேறு யாராவது பெண்ணும் அப்படிப் பிடித்திருக்கலாம். நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கையை மட்டும் நீட்டியவர்களும் உண்டு. சில படங்களில் அந்தப் பெண்ணின் முகத்தை, படம் பதிந்த தகட்டிலிருந்தே சுரண்டி எடுத்துவிட்டார்கள். முட்டை வடிவச் சட்டத்துக்குள் குழந்தை மட்டும் தெரிந்தால் போதும் என்பது ஏற்பாடு. இன்று அந்தப் படங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் பூப்போட்ட துணிக்கு அடியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும். பார்க்கவே மனது என்னவோ செய்கிறது.

நம் ஊரில் கதை வேறு. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிச் சேகரித்துப் படியெடுக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. அந்த மாதிரிப் பழைய குடும்பப் படங்களில் அம்மா இருப்பார், மடியில் கடைசிக் குழந்தையோடு நாற்காலி நுனியில் விறைப்பாக. ஸ்டூடியோக்காரர் துணிக்குள் தலையை விட்டு எடுத்ததால் குடும்பம் முழுவதும் சட்டத்துக்குள் வந்தது. எடுப்பவர் வெளியாள் என்பதுதான் அதில் இருந்த நன்மை.

வீட்டுக்குள் கேமரா வந்ததும் அது மாறியது. 36 படம் வரும் ஒரு ஃபிலிம் ரோலை அப்பாவோ மாமாவோ கணக்குப் பார்த்துச் செலவழித்தார்கள். எடுப்பவர் படத்தில் இல்லை. இன்றைக்குப் பல வீடுகளில் போனைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் பின்னால் ஓடுவது அம்மா. அதனால் இந்தத் தலைமுறையில் விடுபட்டுப் போவதும் அவர்தான்.

“போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும், திருஷ்டி படும்” என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?

சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வயது வரைக்கும், மொட்டை போடும் வரைக்கும், தூங்கும்போது, மூன்று பேராக நின்று என்று எடுக்கக் கூடாத பட்டியல் நம் வீடுகளில் நீளம். ஆயுள் குறையாது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் பேரக்குழந்தைகள் நிலைப்பார்களா என்று பயந்து வாழ்ந்த ஒரு காலத்தின் பயம் அது. அவர்களை அவமானப்படுத்த அது காரணமாகக் கூடாது.

நடைமுறையில் ஒரு வழி உண்டு. அத்தையையும் சேர்த்து உட்காரவையுங்கள். “நீங்க மடியில வச்சுக்கோங்க அத்தை, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்று சொன்னால் மறுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கன்னத்தில் மை வைத்துவிட்டு எடுங்கள். எங்கும் பரப்ப மாட்டோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி பரப்பாமலும் இருங்கள். மூன்று பேர் ஆகாது என்றால் நாத்தனாரையும் கூப்பிடுங்கள், நாலு பேராகிவிடும்.

செல்ஃபி எடுத்துக்கொள்கிறேனே, போதாதா?

ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் செல்ஃபியில் இரண்டு முகங்கள் மட்டும்தான் இருக்கும். குழந்தையின் கண்ணும் உங்களைப் பார்க்காமல் திரையைப் பார்க்கும். நீங்கள் அதைத் தூக்கியிருக்கும் விதம், அது உங்கள் தாலிச் சரடையோ முந்தானையையோ பிடித்து இழுப்பது, பின்னால் அந்த நாள் சமையலறை எப்படி இருந்தது, எதுவும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “படத்தில் நான் நன்றாக இல்லை” என்று பல பெண்கள் நினைப்பதற்கே செல்ஃபிதான் காரணம். முகத்துக்கு மிக அருகில் லென்ஸ் வரும்போது மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட ஓரடி தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள், மூக்கைச் சின்னதாக்கச் சொல்லி செல்ஃபியோடு வருபவர்களைப் பார்த்து. ஆறேழு அடி தள்ளி நின்று இன்னொருவர் எடுத்துப் பாருங்கள். உங்கள் முகம் உங்கள் முகமாகவே இருக்கும்.

கணவர் எடுத்தால் தலையை வெட்டிவிடுகிறார், கண் மூடியிருக்கும்போது அழுத்துகிறார். யாரை எடுக்கச் சொல்வது?

அவரையேதான். இந்தப் பதில் அவருக்கும் சேர்த்து.

ஐயா, கேட்ட பிறகு எடுக்காதீர்கள். “ஒரு போட்டோ எடுங்க” என்று கேட்டு, எழுந்து, தலையைச் சரிசெய்து, குழந்தையைத் திருப்பி நிறுத்துவதற்குள் அந்த நேரம் போய்விடுகிறது. மனைவி குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, தலை வாரும்போது, இரண்டு பேரும் அயர்ந்து தூங்கும்போது நீங்களாக எடுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் ஐந்தாறு அழுத்துங்கள், ஒன்றிலாவது கண் திறந்திருக்கும். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல் அவர்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனியுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். ஜன்னலுக்கு எதிராகப் பிடித்தால் முகம் கறுத்துவிடும். லென்ஸை வேட்டி நுனியில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பாதிப் படங்கள் கலங்கலாக வருவதற்குக் காரணம் விரல் எண்ணெய்தான்.

எடுத்ததும் “இதில் குண்டாகத் தெரிகிறாய்” என்று சொல்லாதீர்கள். விளையாட்டுக்குச் சொன்னாலும், அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் படத்துக்கு நிற்கமாட்டார். எங்கள் கடையில் நடந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நானும் குழந்தையும் மட்டும்தான். எடுக்க ஆளே இல்லை.

போனை எவர்சில்வர் டம்ளரிலோ சம்படத்திலோ சாய்த்து வைத்து டைமரில் பத்து விநாடி வையுங்கள். பல போன்களில் உள்ளங்கையைக் காட்டினாலே படம் எடுத்துக்கொள்ளும் வசதி கேமரா அமைப்புகளுக்குள் இருக்கிறது. அதைவிடச் சுலபம், வீடியோவை ஓடவிட்டு மறந்துவிடுவது. பத்து நிமிடம் எண்ணெய் தேய்த்துவிடும் வேலையைப் பதிவு செய்தால் அதிலிருந்து நல்ல காட்சி ஒன்றிரண்டைப் படமாக எடுத்துக்கொள்ளலாம். தரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. குரலும் கிடைக்கிறது அல்லவா? குழந்தையிடம் நீங்கள் பேசும் பேச்சை வேறு யாரிடமும் பேசமாட்டீர்கள்.

அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். நாங்கள் மூவரும் சேர்ந்த படத்துக்கு அவர் வரும்வரை காத்திருக்கிறோம்.

காத்திருக்க வேண்டாம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆண்கள் போன வீடுகளில் 80களிலும் 90களிலும் என்ன நடந்தது என்று பாருங்கள். கடிதத்தோடு வைத்து அனுப்புவதற்காகவே அம்மா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, தானும் பட்டுடுத்தி, ஸ்டூடியோவுக்கு வருவார். கடலும் தென்னை மரமும் வரைந்த திரைக்கு முன்னால் நிற்பார்கள். அந்த வீடுகளில் இன்றைக்கும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்த படங்கள் வருடவாரியாக இருக்கின்றன. இப்போது தினமும் வீடியோ காலில் பேசுகிறோம், கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. பேசும்போது அவரை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே திரையில் மூன்று பேரும் இருப்பீர்கள்.

விசேஷத்துக்குத்தான் போட்டோகிராபர் வைக்கிறோமே?

அங்கேதான் அம்மா அதிகம் காணாமல் போகிறார். மொட்டையடித்துக் காது குத்தும்போது குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். அது நம் முறை, அழகான முறை. ஆனால் ஆல்பம் முழுக்க மாமா, ஆசாரி, அழுகிற குழந்தை என்றிருக்கும். அம்மா பந்தியைக் கவனிக்கப் போயிருப்பார், அல்லது கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சட்டத்துக்கு வெளியே நின்றிருப்பார். முன்கூட்டியே போட்டோகிராபரிடம் சொல்லிவையுங்கள்: காது குத்தியதும் குழந்தை யாரிடம் தாவுகிறதோ அவரை எடுக்க வேண்டும் என்று. அநேகமாக அது உங்களிடம்தான் தாவும்.

வளைகாப்புப் படங்களைப் பொறுத்தவரை பயமில்லை. பூத்தைத்த சடை பின்னால் இருக்கும் கண்ணாடியில் தெரிய, நம் பெண்கள் அதற்கு எப்போதும் ஆசையாக நின்றிருக்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் நிற்பது நின்றுபோகிறது.

பால் கொடுக்கும் படம் எடுக்கலாமா? பேஸ்புக்கில் போட வேண்டுமா?

உங்களுக்கு விருப்பம் இருந்தால், நம்பும் ஒருவரைக் கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கும் பிள்ளைக்கும் உரியது. பூட்டிய கோப்புறையில் வையுங்கள். போன்களில் அந்த வசதி இருக்கிறது.

வெளியே போடுவது வேறு விஷயம், எந்தப் படமாக இருந்தாலும். இங்கே நான் பேசுவது எல்லாம் எடுத்து வைத்துக்கொள்வது பற்றி.

எடுத்ததை எப்படிப் பாதுகாப்பது?

பிரிண்ட் போடுங்கள். ஸ்டூடியோக்காரி வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எந்தக் கடையில் வேண்டுமானாலும் போடுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும். கூகுள் ஃபோட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் முதல் கிடையாது, எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். இரண்டு வருடம் தொடாத கணக்கை அவர்கள் அழித்துவிடலாம் என்பதும் விதி.

பிரிண்டின் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். பென்சில் எழுதாத தாள் என்றால், அதற்கென்று விற்கும் மை ஊறாத பேனா வாங்கலாம். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கவும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஒட்டிப் பாளமாகிப் போயின. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து பொறுக்கிய படங்களைத் தன்னார்வலர்கள் தண்ணீரில் அலசி, கயிற்றில் காயவைத்து, உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள். வீடு போன பிறகும் அவர்கள் படத்தைத்தான் தேடி வந்தார்கள்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டுமா?

இறப்பு வீட்டிலிருந்து எங்களிடம் வருபவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று சொல்கிறேன். இறந்தது அப்பா என்றால் நான்கைந்து படம் இருக்கும், எது நன்றாக இருக்கிறது என்று கேட்பார்கள். அம்மா என்றால் வாக்காளர் அட்டை வரும். தேர்தல் ஆணையம் 1993இல் அதைக் கொண்டுவந்தபோது எடுத்த, நிழல் விழுந்த சின்னப் படம். நான் பார்த்த பல வீடுகளில் அந்த அம்மாவைத் தனியாக எடுத்த ஒரே படம் அதுதான். இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தில், பின்வரிசையில் பாதி முகம். தோளில் இருக்கும் பக்கத்து ஆளின் கையை அழித்து, காதை வரைந்து, பொட்டைத் திருத்தித் தருவோம். மாலை போட அது போதும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு “எங்கம்மா இப்படி இருக்கமாட்டாங்க” என்று அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். ஐம்பது வயது ஆண்கள் கடையிலேயே அழுதிருக்கிறார்கள்.

என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சின்ன வயதில் நான் அவர்களோடு இருக்கும் படம் ஒன்றும் இல்லை.

இருக்கலாம், உங்களிடம் இல்லை, அவ்வளவுதான். அந்த வருடங்களில் நீங்கள் போன கல்யாணங்களைப் பட்டியல் போடுங்கள். அக்கா, ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆல்பங்களைக் கேட்டுப் பாருங்கள். மேடையில் வரிசையாக நின்று எடுத்ததில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நீங்கள் இருப்பீர்கள். பள்ளி ஆண்டுவிழா, கோயில் சுற்றுலா, வேலை செய்த இடத்து ஆயுதபூஜை என்று மற்றவர்கள் எடுத்தவற்றின் ஓரங்களையும் விடாதீர்கள். கிடைத்த பிரிண்டைப் போனால் படமெடுக்காமல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். முகம் சின்னதாக இருந்தாலும் ஓரளவு பெரிதாக்க முடியும்.

கல்யாண வீடியோ கேசட்டுகளில் இன்னும் அதிகம் கிடைக்கும். பந்தியில் நீங்கள் பிள்ளைக்கு ஊட்டுவதை வீடியோக்காரர் எடுத்திருப்பார். அந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஓட்டும் கருவிகளும் பழுதாகிக்கொண்டே வருகின்றன. கேசட் இருந்தால் இந்த மாதமே மாற்றக் கொடுங்கள், மூல நாடாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.